அடைப்புக்குறிக்கு எத்தனை மார்க்?

பெயரே இல்லாத ஒரு ஆல்பத்துக்கு எப்படி விமர்சனம் எழுதுவது?

கேள்வி விளையாட்டுக்கு இல்லை. ஐஸ்லாந்தில் சிகுர் ரோஸ் என்று ஒரு இசைக்குழு. 1994-ல் ரெய்க்யவிக்கில் ஆரம்பித்தார்கள். பாடகர் யோன்சி, செல்லோ வாசிக்கிற வில்லை எடுத்து எலக்ட்ரிக் கிடார் கம்பியில் இழுப்பார். போஸ்ட் ராக் என்று இந்த வகைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ராக் இசையின் வாத்தியங்கள் எல்லாம் இருக்கும், ராக் பாட்டின் அவசரம் மட்டும் இருக்காது. இவர்கள் 2002 அக்டோபரில் ஒரு ஆல்பம் கொண்டுவந்தார்கள். அட்டையில் ( ) என்று இரண்டு அடைப்புக்குறி, நடுவில் ஒன்றும் கிடையாது. உள்ளே எட்டுப் பாட்டு, எட்டுக்கும் பெயர் இல்லை. கூட வைத்த சிறு புத்தகத்தைத் திறந்தால் வெற்றுப் பக்கங்கள். வேண்டுமானால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். சுமார் 72 நிமிட இசை. நாலாவது பாட்டுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே 36 விநாடி மௌனம்.

பாடுகிற மொழியாவது ஐஸ்லாந்து மொழியா என்றால் அதுவும் இல்லை. வோன்லென்ஸ்கா என்று அவர்களே ஒரு பெயர் சொல்கிறார்கள். 'வோன்' என்றால் நம்பிக்கை. இலக்கணம் கிடையாது, அகராதி கிடையாது, அர்த்தமும் கிடையாது. குரலை ஒரு வாத்தியமாக வாசிக்கத் தேவையான ஒலிகள் மட்டும்தான். நம் ஊரில் இதற்குத் தத்தகாரம் என்று பெயர். இசையமைப்பாளர் 'தன்னன்னா' என்று மெட்டைச் சொல்ல, கவிஞர் அதன்மேல் வார்த்தை போடுவார். சிகுர் ரோஸ் ஆட்கள் கவிஞர் வருவதற்கு முன்பே ரெக்கார்டிங்கை முடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆல்பத்துக்கு வந்த எதிர்வினைகளைப் படிப்பது, ஆல்பத்தைக் கேட்பதைப் போலவே சுவாரஸ்யம். விமர்சகர்களில் பெரும்பாலோர் பாராட்டினார்கள். ஆனால் 1999-ல் வந்த 'ஆகைடிஸ் பிர்யுன்' ஆல்பத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்களில் சிலருக்கு இது ஏமாற்றம். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, நகரவே மாட்டேன் என்கிறது என்றார்கள். பெயர் வைக்காததும் வெற்றுப் பக்கமும் வெறும் பந்தா என்றார்கள் இன்னும் சிலர். ரசிகர்கள் பக்கம் வேறு கதை. அவரவர் வாழ்க்கையைக் கொண்டுபோய் அந்த வெற்றுப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்கள். ஒருவருக்கு அது அப்பா இறந்த வாரத்தின் இசை. இன்னொருவருக்குக் குழந்தை பிறந்த இரவின் இசை. அதைப் போய் பந்தா என்றால் அடிக்கத்தானே வருவார்கள்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெயரே இல்லாத அந்த எட்டுப் பாட்டுக்கும் குழுவுக்குள் செல்லப்பெயர் இருக்கிறது. ரேஷன் கார்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று நாம் வைப்போமே, அது மாதிரி. முதல் பாட்டு 'வாகா', டிரம்மர் மகளின் பெயர். ஏழாவதை 'சாவுப்பாட்டு' என்கிறார்கள். எட்டாவதுக்கு 'பாப் பாட்டு' என்று பொருள்படும் பெயர். கிட்டத்தட்ட 12 நிமிடம் ஓடி, கடைசியில் டிரம்ஸ் நம் மண்டைக்குள் இறங்குகிற அந்தப் பாட்டைப் பாப் பாட்டு என்று கூப்பிடுகிறவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. விமர்சகர்கள் பந்தா என்றார்கள், ரசிகர்கள் தெய்வீகம் என்றார்கள். வாசித்தவர்களோ வீட்டுக்குள் கிண்டலடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு உதாரணம். 2005-ல் வந்த 'தக்' ஆல்பத்தில் 'ஹொப்பிபொல்லா' என்று ஒரு பாட்டு. மறு வருஷம் பிபிசியின் 'பிளானட் எர்த்' தொடருக்கு முன்னோட்டமாக ஓடி உலகம் முழுக்கப் பரவியது. பனிமலை, பறவைக்கூட்டம், திமிங்கலம் எல்லாவற்றின் மேலும் அந்த இசை. கேட்டவர்கள் படைப்பின் மகத்துவத்தைப் பாடுகிறார்கள் என்று உருகினார்கள். இது நிஜமான ஐஸ்லாந்து மொழிப் பாட்டு. விஷயம் என்னவென்றால், மழைத்தண்ணீர் தேங்கிய குட்டையில் பிள்ளைகள் குதித்து ஆடுவது. ஆடும்போது மூக்கில் ரத்தம் வருகிறது, திரும்ப எழுந்து நிற்கிறார்கள். அவ்வளவுதான். ஜூன் மாதம் மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டில் நின்றால் இந்தப் பாட்டின் அர்த்தம் தினமும் நேரில் பார்க்கக் கிடைக்கும்.

அர்த்தம் தெரிந்ததும் பாட்டு சின்னதாகிவிட்டதா? எனக்கு ஆகவில்லை. திமிங்கலத்துக்கும் அது பொருந்துகிறது, குட்டையில் குதிக்கிற பையனுக்கும் பொருந்துகிறது. உருகியவர்கள் தப்பாகக் கேட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, ஐஸ்லாந்தை விடுங்கள். நம் வீட்டுக்கு வருவோம்.

'அடைப்புக்குறி' வருவதற்கு 16 வருஷம் முன்பே நம்மிடம் இதே கேள்வியைத் தலைப்பாகவே வைத்து ஒரு ஆல்பம் வந்துவிட்டது. 1986, இளையராஜா, 'ஹவ் டு நேம் இட்'. இதற்கு எப்படிப் பெயர் வைப்பது? தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். வி.எஸ்.நரசிம்மனின் வயலின். பத்து உருப்படிகள், பாட்டு வரி கிடையாது. ஒன்றின் தலைப்பு 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. அதில் பாக்கின் மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவின் தொடக்கம் வந்து உட்கார்ந்துகொள்ள, நம் ஆள் அதோடு பேச்சுக் கொடுக்கிறார். இன்னொன்றின் தலைப்பு 'டோன்ட் கம்பேர்'. ஒப்பிடாதே! ரெவ்யூ எழுதப்போகிறவனுக்கு ஆல்பத்துக்குள்ளேயே எழுதிவைத்த எச்சரிக்கை மாதிரி இல்லை?

கேட்பார்களா நம் ஆட்கள்? ஒப்பிட்டார்கள். கர்நாடக இசைப் பக்கம் சாய்ந்தவர்கள், 'ராகத்துக்கு அடியில் எதுக்கு இத்தனை சத்தம்?' என்று கேட்டதைக் கேட்டிருக்கிறேன். மேற்கத்திய இசை படித்த நண்பர் ஒருவர், 'இது ஃபியூக்கும் இல்லை, கீர்த்தனையும் இல்லை' என்றார். சினிமாப் பாட்டு ரசிகர்கள் கேசட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்து, 'எஸ்.பி.பி. எப்ப வருவார்?' என்றார்கள். மூன்று பேரும் இல்லாத ஒன்றைத்தான் தேடினார்கள். இருந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை.

பிறகு 1988-ல் பாலுமகேந்திராவின் 'வீடு' வந்தது. அதன் பின்னணியில் இந்த ஆல்பத்தின் இசையைத்தான் எடுத்து வைத்தார். பாதி கட்டிய வீட்டைப் பார்க்கக் கிழவர் சொக்கலிங்க பாகவதர் தனியாக வருவார். சுவரைத் தொட்டுப் பார்ப்பார். பின்னால் அந்த வயலின். ஃபியூக் என்றால் என்னவென்றே தெரியாத ஜனங்களுக்கு அந்த இடத்தில் இசை முழுசாகப் புரிந்தது. சொந்த வீட்டுக்காக லோனும் லஞ்சமும் கொடுத்துத் தேய்ந்தவர்கள் அவர்கள். வெற்றுப் பக்கத்தில் பாலுமகேந்திரா ஒரு கிழவரை எழுதினார், நாம் நம் வீட்டை எழுதிக்கொண்டோம்.

அடுத்து 2005, திருவாசகம். புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா, ஆறு பாடல்கள், ஜெகத் கஸ்பரின் தமிழ் மையம் வெளியீடு. அந்த நாட்களில் தமிழில் நாலு வரி எழுதத் தெரிந்த எல்லோரும் அதைப் பற்றி எழுதினார்கள். சிம்பொனி என்று சொல்லலாமா, ஆரட்டோரியோ என்று சொல்ல வேண்டுமா என்று ஒரு சண்டை. மாணிக்கவாசகரின் நடுவே ஆங்கிலம் வரலாமா என்று இன்னொரு சண்டை. ('பொல்லா வினையேன்' உருப்படியில் வரும் ஆங்கில வரிகளை எழுதியவர் அமெரிக்க நாடகப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ்.) கிறிஸ்தவப் பாதிரியார் எதற்குத் திருவாசகம் போடுகிறார் என்று மூன்றாவது சண்டை. எதிர்த்துச் சொன்னவனைத் தமிழ்த் துரோகி என்று நாலாவது சண்டை. அந்த 20 நிமிடப் பாட்டின் நடுவில் என்ன நடக்கிறது, எந்த இடத்தில் கோரஸ் உள்ளே வருகிறது, எங்கே அலுக்கிறது, எங்கே தொண்டை அடைக்கிறது என்று எழுதியவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

இதற்கெல்லாம் சிகரம் 1993 சிம்பொனி. லண்டன் ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ராவுக்காக இளையராஜா எழுதியது. அது கடைக்கு வரவே இல்லை. ஆனால் அதைப் பற்றிய அபிப்பிராயம் எல்லோரிடமும் இருந்தது! உலகத் தரம் என்று ஒரு கூட்டம், சரக்கில்லாததால்தான் வரவில்லை என்று ஒரு கூட்டம். கேட்காமலேயே 30 வருஷம் சண்டை போட்ட இனம் நாமாகத்தான் இருப்போம். 2025 மார்ச் 8-ல் அதே ராயல் ஃபில்ஹார்மானிக் லண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தபோதும், அரங்கத்துக்குள் கால் வைக்காதவர்களின் தீர்ப்புதான் முதலில் வந்தது.

என் பிழைப்பு மிளகுக்குத் தரம் போடுவது. திருவாரூர்ப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரி வந்து பல வருஷம் ஆகிறது. லிட்டர் எடை பார்ப்போம், ஈரப்பதம் பார்ப்போம், சொத்தை எவ்வளவு, குச்சி எவ்வளவு என்று பார்ப்போம். லிட்டருக்கு 550 கிராம் நின்றால் ஒரு விலை, 500 நின்றால் ஒரு விலை. யார் அளந்தாலும் ஒரே எண் வரவேண்டும், அதுதான் இந்தத் தொழிலின் நியாயம். ஐந்துக்கு மூன்றரை ஸ்டார் என்று ஒரு ஆல்பத்துக்கு மார்க் போடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவது அதனால்தான். இன்று காலை கேட்டவனுக்கும் நாளை இரவு கேட்பவனுக்கும் ஒரே எண் வராது. அதே ஆளுக்கே வராது. அப்படியானால் எதை அளந்தாய்?

இங்கே மட்டாஞ்சேரியில் வேறு ஒரு வழி பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

நாலு தெருவுக்குள் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்னி, தமிழ் என்று பத்துப் பதினைந்து மொழி புழங்குகிற இடம் இது. ஃபோர்ட் கொச்சி வெளியில் இருக்கிற தோபி கானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கிறவர்கள் நம் தமிழ்க் குடும்பங்கள். இந்த ஊருக்கு இந்துஸ்தானி இசைமேல் ஒரு பைத்தியம். இந்த ஊர்ப் பிள்ளை மெஹபூப், 1951-ல் 'ஜீவிதநௌக' படத்தில் 'சுஹானி ராத்' மெட்டுக்கு மலையாள வார்த்தை போட்டுப் பாடினார். 1954-ல் 'நீலக்குயில்' படத்தில் பாடினார். 1981-ல் இறந்துபோனார். இன்றைக்கும் இங்கே கல்யாண வீட்டில் அவரை 'மெஹபூப் பாய்' என்றுதான் சொல்கிறார்கள், ஏதோ பக்கத்துத் தெருவுக்கு டீ குடிக்கப் போயிருக்கிற மாதிரி.

சின்னச் சின்ன மாடி அறைகளில் மெஹ்ஃபில் நடக்கும். ஒரு ஹார்மோனியம், ஒரு தபலா, சுலைமானி டீ. உட்கார்ந்திருப்பவர்கள் லாரி டிரைவர், சுமட்டுத் தொழிலாளி, கடைக்காரர், மாஸ்டர். பாடுவது உருது கஜல். உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்கு அந்த உருது புரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் ஒருநாள் கேட்டேன்.

"இக்கா, இந்த வரிக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தம் பின்னெ வரும் அண்ணாச்சி, ஆத்யம் ராகம் வரட்டே."

தமிழனை அண்ணாச்சி என்று கூப்பிடுவதில் இவர்களுக்கு ஒரு சந்தோஷம். அது இருக்கட்டும். அர்த்தம் அப்புறம் வரும், முதலில் ராகம் வரட்டும் என்று அவர் சொன்னது, 'அடைப்புக்குறி' ஆல்பத்துக்கு நான் படித்த எல்லா ரெவ்யூவையும்விடத் தெளிவாக இருந்தது.

அதற்காக அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ஆள் என்று நினைக்கவேண்டாம். பாடகர் ஸ்வரத்தில் கொஞ்சம் சறுக்கினால் இக்காவின் வாய் 'ச்சு' என்று ஒரு சத்தம் போடும். சரியான இடத்தில் வந்து இறங்கினால் 'வாஹ்!' வரும். பாடகர் இரண்டையும் கேட்கிறார். அடுத்த வரியை அதற்குத் தகுந்த மாதிரி பாடுகிறார். விமர்சனம் பாட்டுக்கு உள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. சொன்னவன் முகம் பாடினவனுக்குத் தெரியும், சொல்லிவிட்டு ஓடமுடியாது. அதே சமயம் பிடிக்கவில்லை என்று சொன்னதற்காக யாரும் அவரை அடிக்கவும் மாட்டார்கள். அவர் அடுத்த வாரமும் வருவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்த மண்ணிலிருந்து வந்தவர்தான் உம்பாயி. ஜான் ஆபிரகாமின் 'அம்ம அறியான்' (1986) படத்தில் தெரியவந்தவர். மலையாளத்தில் கஜல் பாட ஆரம்பித்தார். ஓ.என்.வி.யும் சச்சிதானந்தனும் அவருக்கு எழுதினார்கள். உடனே பண்டிதர்கள் கேள்வி கேட்டார்கள்: ஈரடிகள் தனித்தனியாக நிற்க வேண்டும், ரதீஃப் எங்கே, காஃபியா எங்கே, கடைசி அடியில் கவிஞன் பெயர் எங்கே, இது கஜலா இல்லை மெதுவாகப் பாடின மெல்லிசையா? இலக்கணப்படி பார்த்தால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதோடு நின்றவர்களுக்கு உம்பாயியின் குரலில் இருந்த அந்தக் கரகரப்பு, ஒரு சொல்லை விட்டுவிட்டு மீண்டும் வந்து எடுக்கிற அந்த நிதானம் காதில் விழவே இல்லை. 2018 ஆகஸ்ட் 1-ல் அவர் இறந்தபோது இந்தத் தெருக்களில் ஒலித்தது அந்த மெல்லிசைதான். பெயர் என்னவாக இருந்தால் என்ன?

இவ்வளவு சொல்வதால் விமர்சகனே வேண்டாம் என்கிற கட்சி நான் இல்லை. 'மனசுக்குப் பிடிச்சா போதும், எவன் என்ன சொன்னா என்ன' என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அப்படி விட்டால் விளம்பரக்காரன் சொல்வதுதான் சட்டம் என்று ஆகிவிடும். ரசிகன் தெய்வம் என்று கும்பிட்டால் அதில் இன்னொரு ஆபத்து. கும்பிடுகிற இடத்தில் யாரும் காது கொடுப்பதில்லை. 'அடைப்புக்குறி' ஆல்பத்தில் மூன்றாவது பாட்டு, அதே பியானோத் துணுக்கு திரும்பத் திரும்ப வந்துகொண்டே மெல்ல நிறைவது, எனக்கு உயிர். ஆறாவது எனக்குப் போர். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எனக்கு உரிமை இருக்க வேண்டும். இதைச் சொன்னால் 'உனக்கு இசை தெரியாது' என்று பாய்கிறவரும், 'அப்ப பந்தாதான்னு ஒத்துக்கோ' என்று கைகொட்டுகிறவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

இதில் என்ன குடிமுழுகிப் போகிறது, பாட்டுதானே என்று கேட்கலாம். முழுகுகிறது. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், கொச்சியில் ஐ.டி. வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இரண்டு வருஷம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஆறு உருப்படி செய்தான். நாதஸ்வரச் சாயலில் ஒரு கிடார், பின்னால் தாமிரபரணியில் அவனே போய் எடுத்த தண்ணீர்ச் சத்தம். பாட்டு வரி கிடையாது. வெளியிட்ட முதல் நாளே தீர்ப்பு வந்துவிட்டது. 'லிரிக்ஸ் இல்லையா ப்ரோ?', 'ராஜா சாரைக் காப்பியடிக்காதே', 'தூக்கம் வருது'. மொத்தம் 38 நிமிட இசை அது. முதல் வரி வந்தது வெளியிட்ட ஏழாவது நிமிடத்தில்! எந்த இடத்தில் தூக்கம் வந்தது என்று ஒருவராவது சொல்லியிருந்தால் அவன் அந்த இடத்தைத் திருத்தியிருப்பான். யாரும் சொல்லவில்லை. ஏழாவது உருப்படி பாதியில் நிற்கிறது. கிடாரை உறைக்குள் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டான். நான் இரண்டு முறை கேட்டேன், 'பார்க்கலாம் சார்' என்கிறான்.

ஐஸ்லாந்தின் மொத்த ஜனத்தொகை நாலு லட்சத்தைத் தொடாது. அந்த ஊரிலிருந்து அர்த்தமில்லாத மொழியில், பெயரில்லாத ஆல்பம் போட்டவர்கள் உலகம் சுற்றினார்கள், 2023-ல்கூட 'ஆட்டா' என்று புது ஆல்பம் கொண்டுவந்தார்கள். நாம் எட்டுக் கோடிப் பேர். சினிமாவுக்கு வெளியே தமிழில் வந்த முழு இசை ஆல்பங்களைச் சொல்லச் சொன்னால், இரண்டு கை விரலுக்கு மேல் எத்தனை பேருக்கு வரும்? திறமை இல்லாமல் இல்லை. முதல் வாரத்தைத் தாண்டிக் காத்திருக்கிற காது குறைவு.

என் கோரிக்கை சின்னதுதான். மூன்று முறை கேட்காமல் தீர்ப்பு வேண்டாம். அதில் ஒரு முறையாவது வேறு வேலை செய்யாமல் கேளுங்கள். 'புரியவில்லை' என்று நிறுத்தாமல் எந்த நிமிடத்தில் கைவிட்டது என்று சொல்லுங்கள். பெயர் என்ன, வகை என்ன, யாரைப் போல என்கிற கேள்விகளைக் கடைசியில் வையுங்கள். பிடிக்காதவனைத் துரோகி என்காதீர்கள், அவனும் காது கொடுத்தவன்தான். மட்டாஞ்சேரியில் லாரி ஓட்டிவிட்டு வந்து தரையில் உட்காருகிற மனிதர்களுக்கு இது வருகிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற நமக்கு வராதா என்ன?

பி.கு: 'அடைப்புக்குறி'யைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு: முதல் பாட்டில் ஆரம்பித்து நாலாவதில் நிறுத்தினாலும் தப்பில்லை, அந்த 36 விநாடி மௌனம் அதற்குத்தான் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்கிறேன். மீதி நாலையும் வேறொரு நாள் ராத்திரி கேளுங்கள். கூடவே 'ஹவ் டு நேம் இட்' கேளுங்கள். ஆனால், தயவுசெய்து, டோன்ட் கம்பேர்.